ஆற்று நீரில் கலக்கும் உப்பைக் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி: நீங்களே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சாயக்கழிவு என்றாலே சிவப்பும் நீலமுமாக ஓடும் வாய்க்கால்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்த நிறம் அவ்வளவு பெரிய சங்கதி இல்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். சோற்றுப்பு, இல்லாவிட்டால் கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் அது தங்காது, அலசுகிற தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். நிறத்தைப் போக்க மருந்து இருக்கிறது. உப்பைப் போக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கொதிகலனும் வேண்டும், அதற்குக் காசு அதிகம். அதனால்தான் பளிங்கு மாதிரி தெரிகிற தண்ணீரைப் பாய்ச்சியும் தென்னை கருகுகிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலின் கதை இதுதான். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப்போனது. அணையால் பலன் அடைய வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வரக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. இந்த மாதிரி ஆற்றங்கரையில் இருப்பவர் தன் கையால் செய்து, தானே சரிபார்த்து, தினமும் எடுத்துப்போய் அளக்கக்கூடிய கருவியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் வாங்கியபோது எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில்: எதை அளக்கிறோம், எதை அளக்க முடியாது

நீரில் உப்பு கரைந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். அந்த மின்கடத்துதிறனைத்தான் இசி என்கிறோம், அலகு மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கினால் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்பது, ஏறக்குறையக் கிடைக்கும். எந்த எண் என்பது எந்த உப்பு என்பதைப் பொறுத்தது. சோற்றுப்பு மட்டும் என்றால் 0.5 பக்கம், ஆற்று நீருக்குப் பொதுவாக 0.64 பக்கம்.

குரோமியம், ஈயம், பூச்சிமருந்து, மலக்கிருமி எதையும் இந்தக் கருவி காட்டாது. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவு கலந்தால், தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பினால் இசி எகிறும்; குரோமியம் எவ்வளவு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ‘எல்லா மாசும் கண்டுபிடிக்கும்’ என்று இணையத்தில் விற்கிற மலிவுக் கருவிகளை நம்பாதீர்கள். நம் கருவி ஒரு காவல்காரன் மாதிரி. யார் வந்தார் என்று சொல்லாது, யாரோ வந்தார் என்று சத்தம் போடும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தச் சத்தம்தான் வேண்டும்.

‘முந்நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் பேனா கிடைக்கிறதே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீருக்கு அது போதும். ஆனால் அது நேரத்தோடு சேர்த்துப் பதிவு செய்து வைக்காது, உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்றும் தெரியாது. நாளைக்கு ஓர் அதிகாரி ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

வாங்க வேண்டியவை

அர்டுயினோ நானோ, அதாவது நிரல் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிப் பலகை, ஒன்று. நீர் புகாத உறையில் வரும் டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி. சின்ன ஓலெட் திரை. நேரம் காட்ட டிஎஸ்3231 கடிகாரப் பலகை, பதிவுக்கு எஸ்டி கார்டு பலகை. 560 ஓம், 4.7 கிலோ ஓம், 220 ஓம் ரெசிஸ்டர்கள். அரை அங்குல பிவிசி பைப்பும் எண்ட் கேப்பும். ஆரல்டைட் பசை. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எலெக்ட்ரானிக்ஸ் பொருள் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கலாம்.

நானோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 என்ற பலகையை வாங்கினால் வைஃபையும் சேர்ந்து கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் வோல்ட் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கும்போது அது அளக்கும் எண் சரியாக ஏறி இறங்காது. முதல் கருவிக்கு நானோவே நல்லது.

மின்முனைக்கு மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் கடையை விட்டுவிட்டு வெல்டிங் கடைக்குப் போங்கள். டிக் வெல்டிங்குக்குப் பயன்படும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஃபில்லர் ராட், 2.4 மி.மீ. தடிமனில், ஒன்று வாங்கினால் பத்துக் கருவிக்கு வரும். ஆணியோ செம்புக் கம்பியோ வேண்டாம், ஒரே வாரத்தில் அரித்துப்போகும். போல்ட் போட்டால் மரையில் அழுக்கு சேரும்.

மின்முனை செய்வது

எண்ட் கேப்பில் 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை. அதில் ராடின் இரண்டு துண்டுகளைச் செருகுங்கள். நீர்ப்பக்கம் சுமார் 7 மி.மீ. மட்டும் வெளியே தெரிய வேண்டும். இந்த நீளமும் இடைவெளியும் சேர்ந்துதான் ‘செல் மாறிலி’ என்ற எண்ணைத் தீர்மானிக்கின்றன. இந்த அளவில் அது 1க்குப் பக்கத்தில் வரும், கணக்குக்கு வசதி. துல்லியமாக 7 வரவில்லையே என்று கவலை வேண்டாம்; எவ்வளவு வந்ததோ அதைப் பின்னால் அளந்து கண்டுபிடித்துவிடலாம். ஒட்டிய பிறகு அது அசையாமல் இருந்தால் போதும்.

வறண்ட பக்கத்தில் ஒயரை இணைக்கும்போது கவனம். ஸ்டெயின்லெஸில் சாதாரண ஈயம் பிடிக்காது. பிடித்தது போல் தோன்றும், இரண்டு நாளில் கழன்றுவிடும். ஸ்க்ரூ வைத்த சிறிய டெர்மினல் கனெக்டரில் இறுக்கிவிட்டு, மேலே ஆரல்டைட் ஊற்றி மூழ்கடியுங்கள். ஒரு நாள் முழுக்க இறுகட்டும்.

அப்புறம், மின்முனையைச் சுற்றி 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு பைப் துண்டு உறை போல மாட்டி, நீர் புக நான்கு துளை போடுங்கள். இந்த உறை அடிபடாமல் காப்பதற்கு மட்டும் இல்லை. இரண்டு கம்பிகளுக்கு இடையே பாயும் மின்சாரம் நேர்க்கோட்டில் போகாது, பக்கவாட்டில் வளைந்தும் போகும். உறை இல்லாவிட்டால் வாளியின் ஓரத்தில் வைத்தால் ஓர் எண், நடுவில் வைத்தால் வேறோர் எண் வரும். உறை இருந்தால் எங்கே வைத்தாலும் அதே எண்தான்.

சுற்றும் நிரலும்

முதன்முதலில் நான் செய்தது இப்படி: ஒரு மின்முனைக்கு 5 வோல்ட், மற்றதற்குத் தரை (கிரவுண்ட், 0 வோல்ட்), நடுவில் ஒரு ரெசிஸ்டர். சமையலறை மேசையில் டம்ளரில் உப்புத் தண்ணீர் வைத்து அளந்தேன். எண் நிற்கவே இல்லை, நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டே போனது. ரெசிஸ்டரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் டம்ளருக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு கம்பி முழுக்க ஊசிமுனை அளவுக்குச் சிறுசிறு குமிழ்கள், சோடா பாட்டில் உள்சுவரில் ஒட்டியிருக்குமே அது மாதிரி. அந்தக் குமிழ்தான் கம்பியை மூடி மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. பள்ளியில் படித்த மின்னாற்பகுப்பு. நேர்மின்சாரம் விட்டால் அதுதான் நடக்கும்.

அதனால் திசையை மாற்றி மாற்றி விட வேண்டும். தனிச் சில்லு எதுவும் தேவையில்லை. பலகையின் ஓரத்தில் எண் போட்டிருக்கும் இணைப்புக் கால்களைப் ‘பின்’ என்பார்கள். நானோவின் 4ஆம் பின்னிலிருந்து 560 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து முதல் கம்பி. அந்தச் சந்திப்பையே ஏ0 பின்னுக்கும் கொடுங்கள். இரண்டாவது கம்பி 5ஆம் பின்னுக்கு. நிரலில் வரிசை இது (உயர்த்துவது என்றால் 5 வோல்ட், தாழ்த்துவது என்றால் 0): 4ஐ உயர்த்தி 5ஐத் தாழ்த்தி ஏ0ஐப் படியுங்கள். உடனே 4ஐத் தாழ்த்தி 5ஐ உயர்த்தி இன்னொரு முறை படியுங்கள். பிறகு இரண்டையும் தாழ்த்திவிடுங்கள். ஒரு படிப்புக்கு 100 மைக்ரோவினாடிதான் ஆகும், குமிழ் வர நேரமே இருக்காது. இரண்டாவது படிப்பின் எண் தேவையில்லை என்றாலும் அதை விட்டுவிடாதீர்கள். இரு திசையிலும் ஒரே அளவு நேரம் மின்சாரம் பாய வேண்டும். இப்படி இருபது முறை செய்து சராசரி எடுங்கள்.

கணக்கு எளிது. ஏ0வில் வந்த எண்ணை (0 முதல் 1023 வரை இருக்கும்) ‘எ’ என்போம். நீரின் தடை = ரெசிஸ்டர் × எ ÷ (1023 − எ). நானோவின் ஒவ்வொரு பின்னுக்குள்ளும் சுமார் 25 ஓம் தடை இருக்கிறது. உப்பு அதிகமான நீரில் இது கணக்கைக் கெடுக்கும். எனவே ரெசிஸ்டரை 560க்குப் பதில் 585 என்று வைத்துக்கொண்டு, வந்த விடையிலிருந்து 25ஐக் கழியுங்கள். செல் மாறிலியை இந்தத் தடையால் வகுத்தால் இசி சீமென்ஸில் வரும்; பத்து லட்சத்தால் பெருக்கினால் மைக்ரோசீமென்ஸ்.

வெப்பநிலை உணரியை 2ஆம் பின்னில் இணைத்து, அந்தக் கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் போடுங்கள். திரையில் 85 டிகிரி என்று வந்தால் ஆறு கொதிக்கிறது என்று அர்த்தமில்லை. உணரி அளந்து முடிப்பதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். முக்கால் வினாடி அவகாசம் கொடுங்கள். −127 வந்தால் ஒயர் கழன்றிருக்கிறது.

வெப்பநிலை எதற்கு? ஒரு டிகிரி கூடினால் இசி சுமார் 2 சதவீதம் கூடும். காலையில் 25 டிகிரியிலும் பிற்பகல் 35 டிகிரியிலும் அதே நீரை அளந்தால், ஒன்றுமே கலக்காமல் 20 சதவீதம் ஏறியிருக்கும். இது தெரியாமல் ‘மதியம் திறந்து விடுகிறார்கள்’ என்று மனு எழுதினால் மானம் போய்விடும். எனவே எல்லா அளவையும் 25 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும்: இசியை, 1 + 0.02 × (வெப்பநிலை − 25) என்பதால் வகுத்துவிடுங்கள்.

அளவு திருத்தம்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

பத்தில் ஒன்பது பேர் கோட்டைவிடுவது இங்கேதான். திரையில் எண் வந்துவிட்டால் கருவி முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள்.

இசி முன்பே தெரிந்த ஒரு கரைசலை அளந்து கருவியைச் சரிசெய்வதுதான் அளவு திருத்தம். உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் கரைசல் பொட்டாசியம் குளோரைடு. 0.01 மோலார் கரைசலின் இசி 25 டிகிரியில் 1,413. தயாராகவே குப்பியில் கிடைக்கும். தானே செய்ய விரும்பினால், ஒரு லிட்டருக்கு வெறும் 0.75 கிராம் தேவை. நகை எடை போடும் சின்னத் தராசில் இவ்வளவு சிறிய எடையில் பிழை அதிகம் வரும். அதனால் 7.46 கிராமை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். அதன் இசி 12,880. அதில் 100 மில்லியை எடுத்து ஒரு லிட்டராக்கினால் 1,413 கரைசல். இரண்டும் கையில் இருக்கும். உரக்கடைப் பொட்டாஷும் அதே உப்புதானே என்று கேட்காதீர்கள், அதில் மண்ணும் சோற்றுப்பும் கலந்திருக்கும். ஆய்வகத் தரம் வாங்குங்கள்.

மின்முனையை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கொஞ்சம் கரைசலை ஊற்றி அலசி, அதைக் கொட்டிவிட்டு, புதுக் கரைசலில் வையுங்கள். லேசாகத் தட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். வெப்பநிலை 31 என்று வைத்துக்கொள்வோம். அப்போது கரைசலின் உண்மையான இசி 1413 × 1.12, அதாவது சுமார் 1,583. கருவி காட்டும் தடை 695 ஓம் என்றால் செல் மாறிலி 0.001583 × 695 = 1.10. இதை நிரலில் எழுதிவிடுங்கள். இனி 12,880 கரைசலில் வைத்துப் பாருங்கள். ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் நல்ல கருவி. மிகக் குறைவாகக் காட்டினால் அந்த 25 ஓம் கழித்தலை மறந்திருப்பீர்கள்.

ஆற்றில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எ = 480, வெப்பநிலை 31. தடை 585 × 480 ÷ 543 = 517; 25ஐக் கழித்தால் 492 ஓம். இசி 1.10 ÷ 492 = 2,236 மைக்ரோசீமென்ஸ். 25 டிகிரிக்கு மாற்றினால் 1,996. டிடிஎஸ் சுமார் 1,280.

இந்த எண் நல்லதா கெட்டதா என்று பார்க்க மூன்று கோடுகள் நினைவில் இருக்கட்டும். குடிநீருக்கு இந்தியத் தரத்தில் டிடிஎஸ் 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு 2,100. பாசன நீருக்கு மத்திய வாரியத்தின் ‘இ’ வகுப்பில் இசி 2,250ஐத் தாண்டக் கூடாது. டிடிஎஸ்ஸையும் இசியையும் மாற்றி ஒப்பிட்டுவிடாதீர்கள், இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது.

கலங்கலைப் பார்க்கும் கண்

இசி சரியாக வேலை செய்த பிறகு சேர்க்க வேண்டியது கலங்கல் அளவி. சாய நீரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டு அளந்தால், கருவி நிறத்தையும் கலங்கல் என்று எண்ணிவிடும். அகச்சிவப்பு ஒளி 860 நானோமீட்டரில் விட்டால் பெரும்பாலான சாயங்கள் அதை உறிஞ்சுவதில்லை. கலங்கல் அளக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7027 சொல்வதும் அதுதான்: 860 நானோமீட்டர் ஒளி, 90 டிகிரியில் சிதறுவதை அளப்பது.

கறுப்பு பெயின்ட் அடித்த பைப் துண்டில் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டரோடு. அதற்குச் செங்கோணத்தில், ஒளியை உணர ஒரு போட்டோ டிரான்சிஸ்டர். நடுவில் மூடியுள்ள கண்ணாடிக் குப்பி. டிவி ரிமோட்டில் வரும் எல்இடி 940 நானோமீட்டர். கடையில் கேட்டு 850 அல்லது 860 வாங்குங்கள். எல்இடியை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை படித்து, கழித்துவிட்டால் வெளி வெளிச்சம் கணக்கிலிருந்து போய்விடும். வாஷிங் மெஷினுக்காகச் செய்த மலிவுக் கலங்கல் உணரி ஒன்று எங்கும் கிடைக்கிறது. அது சேற்றைக் காட்டும், லேசான கலங்கலில் அசையாது.

இதை அளவு திருத்த ஃபார்மசின் என்ற திரவம் வேண்டும். அதைத் தயாரிக்கப் பயன்படும் ஹைட்ரசின் சல்பேட் நச்சு, வீட்டில் முயலவே கூடாது. கலங்கலான ஒரு நீரை ஆய்வகத்தில் அளந்து வாங்கிக்கொண்டு, அதே நீரைப் பாதி, கால், அரைக்கால் என்று டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துக் குறைத்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு இது போதும்.

அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் உணரி? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கண்ணாடி மின்முனை காய்ந்தால் கெடும், டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தாலும் கெடும், அடிக்கடி பஃபர் என்ற பிஎச் தெரிந்த கரைசலை வைத்துத் திருத்த வேண்டும். அதைவிட, இசி மின்முனையும் பிஎச் மின்முனையும் ஒரே வாளியில் இருந்தால் ஒன்றின் மின்சாரம் மற்றதன் அளவைக் கெடுத்துவிடும். இப்போதைக்கு பிஎச் காகிதமே போதும்.

ஆற்றங்கரையில்

பவர் பேங்கில் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் தானே அணைந்துவிடலாம். நானோ இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைவு, போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. நான்கு ஏஏ பேட்டரி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நான்கும் ரீசார்ஜ் ஆகும் வகையாக இருந்தால் 5 வோல்ட் பின்னிலேயே கொடுத்துவிடலாம். வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் இசி கணக்கில் அது அடிபட்டுப்போகும், விடை மாறாது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது சந்தேகப்படும் வாய்க்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வேண்டும். கீழே உள்ளது வாய்க்காலின் வாயிலேயே இருந்தால் வாய்க்காலைத்தான் அளப்பீர்கள். ஆற்றோடு கலக்கும் தூரம் விடுங்கள். பாலம் இருந்தால் மிக நல்லது. பிளாஸ்டிக் வாளியைக் கயிற்றில் இறக்கி, ஆற்று நீராலேயே மூன்று முறை அலசி, நாலாவது வாளியில் அளங்கள். கையுறை போடுங்கள். தனியாருக்குச் சொந்தமான வளாகத்துக்குள் போகாதீர்கள், வீண் வம்பு வரும்.

முதல் இரண்டு வாரம் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தினமும் மூன்று வேளை அளந்து, உங்கள் இடத்தின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எண்கள் தாமே பேசும். மழை பெய்தால் இசி இறங்கும், கலங்கல் ஏறும். கோடையில் நீர் வற்ற வற்ற இசி நாள்கணக்கில் மெதுவாக ஏறும். கலங்கல் அசையாமல் இசி மட்டும் ஓரிரு மணி நேரத்தில் குதித்து, மேலே உள்ள இடத்தில் அது தெரியாமல் இருந்தால், இடையில் யாரோ உப்பு நீரைத் திறந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். சுத்தமான புதுப் பிளாஸ்டிக் கேன், இரண்டு லிட்டர். அதே நீரால் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, இடம், தேதி, நேரம், நீங்கள் அளந்த இசி, வெப்பநிலை ஐந்தையும் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. உலோகம் பார்க்க வேண்டுமானால் முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். அதற்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த தனிக் குப்பி வேண்டும், கிருமிக்கு இன்னொரு குப்பி. மேலே உள்ள இடத்திலும் அதே நாளில் ஒரு கேன் எடுக்க மறக்காதீர்கள். ஒரே கேன் கொடுத்தால் ‘ஆறே அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவார்கள்.

ஆய்வகம் தரும் இசி உங்கள் எண்ணிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் முதலில் மின்முனையைப் பாருங்கள். பெரும்பாலும் பாசி பிடித்து வழவழவென்று இருக்கும். பழைய டூத் பிரஷும் வினிகரும் போதும். தேய்த்து அலசிய பிறகு 1,413 குப்பியில் மறுபடி வைத்துப் பார்த்து, வந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதிவிட்டு அடுத்த அளவுக்குப் போங்கள்.